ஊர் என்ற சொல்லுக்கு ஒரு டொபி

என் மகனுக்கு நாலு வயதாகும்வரை, ஊர் என்பது நாங்கள் இல்லாத இடம். அதைப் பிழை என்று சொல்ல என்னால் முடியாது. அந்தச் சொல்லை அவனுக்கு அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

நான் ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டவள். தொண்ணூறாம் ஆண்டு போர்க்காலத்தில் இயக்கம் பட்டணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லொறி ஏறினேன். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன், அங்கேயே கலியாணம் முடித்தேன், அங்கேயே இரண்டு பிள்ளைகளையும் பெற்றேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் புத்தளத்தை ஊர் என்று சொன்னதில்லை. ஊர் என்றால் யாழ்ப்பாணம். மாம்பழம் புளித்தால் ஊர் மாம்பழத்தின் கதை வரும். தண்ணீர் உப்பாக இருந்தால் ஊர்க் கிணற்றின் கதை வரும். என் வாப்பா மௌத்தாகும்வரை புத்தளத்து மீனை ஒரு நாளும் நல்ல மீன் என்று சொல்லவில்லை. ஒரு நாளும் மிச்சம் வைக்கவுமில்லை.

வாப்பாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்த பின்னேரம், அப்போது நாலு வயதாக இருந்த என் மகள் எல்லோருக்கும் நடுவில் நின்று கேட்டாள்.

"மூத்தவாப்பா ஊருக்குப் போயிட்டாரா?"

மௌத்து வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனால் முதலில் சிரித்தது என் உம்மாதான், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுததும் அவதான். பிள்ளையில் பிழை இல்லை. இருபத்தைந்து வருடமாக அந்த மனிதர் போகிறேன் போகிறேன் என்று சொன்ன இடம் அது ஒன்றுதானே.

மகனுக்கு மூன்று வயது முடிந்த மாதத்தில் நாங்கள் திரும்பினோம். என் கணவர் தையல்காரர். யாழ்ப்பாணச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் மெஷின் ஒன்று காலி என்று கேள்விப்பட்டார். வாப்பாவின் காணி உறுதிப்பத்திரம் என்னிடம் இருந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து மகனுக்கு ஒரே கேள்வி. அநுராதபுரத்தில் பஸ் நின்றதும் "இது ஊரா?" வவுனியாவில் நின்றதும் "இது ஊரா?" கிளிநொச்சிக்கு வரும்போது எனக்கு வாய் வலித்துவிட்டது. முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, "இன்னும் இல்லை அப்பன், கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கோ" என்று எனக்குப் பதிலாகச் சொல்லத் தொடங்கினார்.

மத்தியானம் காணியில் போய் இறங்கினோம். வாப்பாவின் வீட்டில் சுவர்கள் நின்றன, கூரை இல்லை. யன்னல் நிலைகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குசினி இருந்த இடத்தில் ஆலமரம் ஒன்று ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. யாரோ மூன்று ஆடுகளை உள்ளே கட்டியிருந்தார்கள். நான் சுவரைத் தொட்டுக்கொண்டு அழுதேன். மகன் ஆடுகளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது உடைஞ்சி போச்சே உம்மா. ஊர் எங்க ஈக்கிது?"

'இருக்கு' என்பதை 'ஈக்கிது' என்பது புத்தளத்தில் கூட விளையாடிய பிள்ளைகளிடம் அவன் பொறுக்கியது. எங்கள் வாப்பா கேட்டிருந்தால் அந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வைத்திருப்பார்.

ஆடுகளை அவிழ்த்துவிட்டு, ஆலங்கன்றை வெட்டிவிட்டு, பழைய அறை ஒன்றுக்கு மேலே தகரம் போட்டுக் குடியிருந்தோம். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு அவியும். முதல் இரண்டு கிழமையும் மகன் ஒவ்வொரு நாளும் உடுப்புப் பையை இழுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பான். ஊர் பார்த்து முடிந்துவிட்டதாம், வீட்டுக்குப் போக வேண்டுமாம். மூன்றாவது கிழமை பையை விட்டுவிட்டான். ஆனால் சொல் மாறியிருந்தது.

"உம்மா, ஊரில என்ட சைக்கிள் ஈக்கிது. மாமி அத மழையில விட்டிருப்பா."

எனக்குக் கோபம் வந்தது. "ஊர் இதுதான் மகன். அது புத்தளம்" என்றேன். அன்று பின்னேரமே புத்தளத்திலிருந்து அந்த மாமி, என் கணவரின் தங்கை, போன் எடுத்தாள். கதைத்து முடித்துவிட்டு நான் திரும்பியபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு ஒன்றும் தப்பாது.

"நீங்களும் இப்ப 'ஊரில மழையா' எண்டுதானே கேட்டீங்க."

கேட்டேன்தான். எனக்குத் தெரியாமலே வாய் அப்படிக் கேட்டுவிட்டது. புத்தளத்தில் இருந்தபோது யாழ்ப்பாணம் ஊர். யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் புத்தளம் ஊர். ஊர் என்பது நாங்கள் இல்லாத இடம் என்று மகன் புரிந்துகொண்டதற்கு மேல் நானும் ஒன்றும் புரிந்து வைத்திருக்கவில்லை.

மகனை நேர்சரியில் சேர்த்தோம். ஒரு மாதம் போக, டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல பிள்ளை, இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதிருக்கும்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. வீட்டிலை பிள்ளைக்குக் கொஞ்சம் பேசுறதைக் குறையுங்கோ. அம்மா என்ன செய்வா எண்டு கேட்டால், காலமை எழும்பினதிலை இருந்து பேசிக்கொண்டே இருப்பா எண்டு சொல்லுறான். பாக்கப் பாவமாயிருக்கு."

புத்தளத்துப் பிள்ளைகளுக்குப் பேசுவது என்றால் கதைப்பது. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அப்போது தூரத்தில் மகன் சேற்றுக்குள் செருப்போடு இறங்கிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் டீச்சரே ஒரு அடி பின்னால் போனார். அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லவில்லை.

அவன் அழும் நாட்களில் நான் ஒரு பொய் சொல்லப் பழகியிருந்தேன். பொய் என்றும் இல்லை, தவணை. சைக்கிள் கேட்டு அழுவான், மாமியின் பூனையைக் கேட்டு அழுவான். "வீடு வரட்டும் மகன், பிறகு ஊருக்குப் போகலாம்" என்பேன். வீடு கட்டி முடித்து, ஒரு நோன்புப் பெருநாளுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவது என்பதுதான் என் மனதில். அவனும் நம்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு போவான்.

வீடு வரட்டும் என்று நான் சொன்னது காற்றில் சொன்னதல்ல. திரும்பி வந்த குடும்பங்களுக்கு ஒரு வீட்டுத்திட்டம் வந்திருந்தது. போம் நிரப்பிக் கொடுத்திருந்தோம். தையல் மெஷினை மிதித்து என் கணவர் கூரை போடுவதென்றால் மகனுக்கு மீசை முளைத்துவிடும். அந்த வீடு கிடைத்தால் இருப்போம், கிடைக்காவிட்டால் அடுத்த மாரிக்குள் புத்தளத்துக்கே திரும்புவோம் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தகரத்துக்குக் கீழே இரண்டு மாரி போயிருந்தது, மகளுக்கு மூச்சு இழுப்பு வந்திருந்தது. எனக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கவில்லை. ஒருமுறை துரத்தினார்கள், போனேன். இரண்டாவது முறை நானாகப் போனால், மௌத்தான வாப்பாவுக்கு எந்த முகத்தைக் காட்டுவேன்?

ஒழுங்கையின் கடைசி வீட்டில் எங்களுக்கு முன்னமே திரும்பி வந்த, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஒரு அக்கா இருந்தா. பரிசோதனைக்கு ஆள் வரும் என்று எச்சரித்ததும் அவதான்.

"இஞ்ச உண்மையா இருக்கிறமா, இல்லாட்டி வீட்டை எடுத்துக்கொண்டு ஓடிப் போயிருவமா எண்டுதான் பாப்பாங்க. சட்டியைத் திறந்து பாப்பாங்க. பல்லுத் துலக்கிற பிரஷை எண்ணுவாங்க. எங்கட பேச்சை நம்ப மாட்டாங்க புள்ள. சின்னதுகளிட்டத்தான் கேப்பாங்க."

அன்றைக்கே பாடம் தொடங்கினேன்.

"மகன், உங்கட ஊர் எது?"

"புத்தளம்."

"இல்ல. யாழ்ப்பாணம். சொல்லுங்க பாப்பம்."

"யாப்பாணம் ஊர் இல்ல உம்மா. நாங்க இஞ்சதானே ஈக்கிறம்."

கடையில் ஒரு பக்கெட் டொபி மிட்டாய் வாங்கி வந்தேன். சரியாகச் சொன்னால் ஒன்று. இரண்டு நாளில் ஊரின் பொருள் அவனுக்கு விளங்கிவிட்டது. ஊர் என்றால் டொபி. மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால் ஓடிப் போய் "யாப்பாணம்" என்று கையை நீட்டுவான். கடைக்காரரிடம் நீட்டுவான். பள்ளிவாசல் வாசலில் மௌலவியிடமும் நீட்டியிருக்கிறான். அவர் ஏதோ ஸலாம் சொல்லத்தான் கை தருகிறான் என்று குலுக்கிவிட்டுப் போனாராம். கணவர் வந்து சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிளேன்டி கொடுத்தேன், குடித்தார். சட்டியைத் திறந்து பார்த்தார், பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த உடுப்புகளைப் பார்த்தார். பிரஷ்களையும் எண்ணினார். நாலும் இருந்தன, மகனுடையது கடித்துச் சப்பிப் பாதியாக இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மகன் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அவருக்கு முன்னால் போய் நின்று "யாப்பாணம்" என்றான். கையை நீட்டினான்.

அவர் சிரித்துவிட்டார். "என்ன தம்பி யாழ்ப்பாணம்?"

"ஊர். டொபி தாங்க."

"ஆர் இதைச் சொல்லித் தந்தது?"

"உம்மா."

எனக்குக் காது சுட்டது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மகனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "அப்ப தம்பி, வீடு கட்டித் தந்தால் என்ன செய்வியள்?"

மகன் யோசிக்கவே இல்லை. "வீடு வந்தாப் பிறகு ஊருக்குப் போயிருவம்."

அவர் பேனையை எடுத்தார்.

"சேர், அது அவனுக்கு..." என்று நான் தொடங்கினேன். அதற்குள் மகள் குறுக்கே விழுந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் வந்தாள், பாவம். "தம்பி சின்னப்பிள்ளை சேர், அவனுக்கு ஒண்டும் தெரியாது. ஊருக்கு நாங்க பெருநாளைக்குத்தான் போவம். அங்க மாமி வீட்டில எங்கட அறை ஒண்டு ஈக்கிது, ஆனா பூட்டித்தான் வச்சிருக்கு."

பூட்டி வைத்திருந்தது உண்மை. உள்ளே ஒரு உடைந்த கட்டிலும் என் கலியாணப் பெட்டியும் கிடந்தன. அதை நான் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஊர் என்ற சொல் எப்படிக் குழம்பிப் போனது என்பதையும் சொன்னேன். வாப்பா, மீன், பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சோடித்த கதை மாதிரி இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சின்னப்பிள்ளையள் பொய் சொல்லாதுகள் தங்கச்சி" என்றார். "நான் உங்களைப் பிழையாச் சொல்லேல்லை. ஆனால் ஆத்திலை ஒரு கால் சேத்திலை ஒரு கால் எண்டு நிக்கிற ஆக்களுக்கு வீடு குடுக்கேலாது. நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்."

அவர் போன சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மகன் அப்போதும் கையை நீட்டிக்கொண்டு நின்றான். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டான் அல்லவா, அவனுக்குரியது வரவேண்டும்.

நான் அவனை அடித்தேன். கையால்தான், தொடையில்தான் என்று பிறகு கணவரிடம் சமாதானம் சொன்னேன். ஆனால் ஒரு அடி அல்ல. ஒவ்வொரு அடிக்கும் "உங்கட ஊர் எது? சொல்லுங்க, ஊர் எது?" என்று கேட்டேன். அவன் முதலில் யாப்பாணம் என்றான். அடி நிற்கவில்லை என்றதும் புத்தளம் என்றான். அதற்கும் அடி விழுந்தது. இரண்டும் பிழையென்றால் சரியான விடை என்ன என்று அவன் என் முகத்தில் தேடினான். மகள் வந்து என் கையில் தொங்கிக்கொண்டு கத்திய பிறகுதான் விட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் விஷயங்கள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே இதைத்தான் வைப்பேன்.

அரசாங்கக் கந்தோரின் அறிவித்தல் பலகையில் பட்டியல் போட்டார்கள். ராத்தாவின் பெயர் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். பிறப்புச் சான்றிதழையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் தெளிவாக இருந்தது. கவுண்டரில் இருந்த பையனைப் பார்த்தால், என்னைத் துரத்திய வருடத்தில் அவனுடைய தாய்க்கே கலியாணம் ஆகியிருக்காது.

"அங்கை உங்களுக்கு ஒரு குறையும் இல்லைத்தானே அக்கா. பிறகேன் திரும்பி வந்தனீங்கள்?"

"குறை இருந்தாத்தான் சொந்த இடத்துக்கு வரலாமா?"

"கோவிக்காதேங்கோ. கேக்கச் சொல்லியிருக்கு, கேக்கிறன்."

அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனைக்கு ஆள் வந்தது. இந்த முறை ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நான் ஒருவருக்கும் ஒன்றும் பழக்கவில்லை. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சட்டியில் நேற்றைய கறி இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். அவ சட்டியைத் திறக்கவில்லை. மகனைப் பார்த்ததும் குந்தியிருந்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டா.

"குட்டி, நீங்கள் எந்த ஊர்?"

மகன் என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் கீழே இறக்கித் தொடைகளை மூடிக்கொண்டான்.

"எனக்கு ஊர் இல்ல மிஸ்."

"அதெப்பிடிக் குட்டி? எல்லாருக்கும் ஒரு ஊர் இருக்குமே."

"எனக்கு வேணாம்."

அவவின் கண் கலங்கியதை நான் கண்டேன். திரும்பி என்னைப் பார்த்தா. துரத்தப்பட்டதிலிருந்து நாங்கள் பட்டதெல்லாம் இந்தப் பிள்ளையின் வாயால் வருகிறது என்று நினைத்திருப்பா. அவன் கை எங்கே இருந்தது என்பதை அவ கவனிக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். இது ஒருவரும் எங்களுக்குச் செய்ததல்ல மிஸ், நான் செய்தது என்று ஒரு வசனம் போதும். என் வாய் திறக்கவில்லை. அவ நீளமாக எதையோ எழுதிக்கொண்டு, மகனின் தலையைத் தடவிவிட்டுப் போனா.

அடுத்த பட்டியலில் எங்கள் பெயர் வந்தது. ராத்தா ஒரு தட்டில் தொதல் இனிப்புக் கொண்டுவந்து, என் தோளில் தட்டி, "கெட்டிக்காரி புள்ள நீ. நல்லாப் பழக்கித்தான் வச்சிருக்கிறாய்" என்றா. நான் தொதலை வாங்கி வைத்தேன். கணவர் அன்றைக்கே கல்லுக்கும் சீமெந்துக்கும் விலை விசாரிக்கப் போனார்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக் கூரை. மகளின் இழுப்புக் குறைந்துவிட்டது. மகன் முதலாம் வகுப்புக்குப் போகிறான். 'இருக்கு' என்றுதான் சொல்கிறான், என் வாப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அந்தச் சொல்லை அவன் சொல்வதில்லை. புத்தளத்துக்கு 'அங்க', யாழ்ப்பாணத்துக்கு 'இஞ்ச'. போன பெருநாளுக்கு மகள் "ஊருக்குப் போறம், ஊருக்குப் போறம்" என்று துள்ளியபோது இவன் அவளின் வாயைக் கையால் பொத்தினான். விளையாட்டுக்கு அல்ல. என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே பொத்தினான்.

என்னைத் துரத்தியவர்களிடமும் ஒரு காரணம் இருந்ததாம். முப்பது வருடமாக நான் அதை ஏற்கவில்லை, இனியும் ஏற்கப் போவதில்லை. அன்றைக்கு அவனை அடிக்க என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு அறையும் ஒரு கூரையும். என் மகன் அதை ஏற்பானா என்று நான் இன்னும் அவனிடம் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.